கொல்லன் தெருவில் ஊசி, கொடைக்கானலில் பிளம்ஸ்

வாடா ராசா, உக்காரு. பைக்குள்ள என்ன, பிளம்ஸா? மெட்ராஸ்ல வாங்கி, ஏசி பஸ்ஸுல மடியில வச்சு, வத்தலக்குண்டு தாண்டி வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கிட்டே பத்திரமாக் கொண்டாந்தியாக்கும்? ஒவ்வொரு பழத்துலயும் குட்டியா ஸ்டிக்கரு வேற. சிலி நாட்டுப் பழமா! கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்தவனைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன், கண்ணால இன்னைக்குத்தான் பாக்குறேன். நீ ஏறி வந்த ரோட்டுல, சில்வர் கேஸ்கேட் அருவிகிட்ட, கூடை கூடையா வச்சுக் கூவிக்கிட்டு இருந்தாங்களே, அது என்னன்னு நினைச்ச? தக்காளின்னா?

கோவிச்சுக்காத. கேக் போட ஆசைப்பட்டது தப்பில்ல. ஆம்பளைப் பய அடுப்படிக்குள்ள போறானேன்னு உங்க அப்பத்தாளுக்குத்தான் கவலை, அதுவும் பாத்திரத்தைப் பத்தி. நான் சின்னப் பயலா இருக்கையில துரைசானி பங்களாவுல பட்லருக்கு எடுபிடியா நின்னவன். மே மாசம் பொறந்தா கீழ வெக்கை தாங்காமப் பாதிரிமார் குடும்பமெல்லாம் மலையேறி வந்துரும். 1845-ல அமெரிக்கப் பாதிரிமார் வந்து வீடு கட்டுனதுல இருந்தே அப்படித்தான். பிளம்ஸு, பீச்சஸு எல்லாம் வெள்ளைக்காரங்க கொண்டாந்து ஊனுனதுதான். அவுக கப்பலேறிப் போயிட்டாக, மரம் நம்மகிட்ட நின்னுக்கிருச்சு. பங்களாவுல கேக்குக்குப் பழம் நறுக்குறது என் வேலை. நறுக்குறப்பப் பாதி எங்க போச்சுன்னு பட்லர் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கல.

போன்ல ஒரு சங்கதி படிச்சுக் காட்டுனியே, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. நியூயார்க் டைம்ஸ் பேப்பர்ல மேரியன் பரோஸ்னு ஒரு அம்மா 1983-ல பிளம்ஸ் கேக்குக்குப் பக்குவம் எழுதுனாங்க. படிச்ச சனம் விடவே இல்ல, வருசா வருசம் போடச் சொல்லி நச்சரிச்சிருக்கு. பேப்பர்காரன் பொறுத்துப் பாத்துட்டு 1989-ல, இதான்யா கடைசி, வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்திக்கங்கன்னு பெரிய எழுத்துல, சுத்தி வரப் புள்ளிக்கோடு அடிச்சுப் போட்டான். அதுக்கும் கோவிச்சுக்கிட்டுக் கடுதாசி எழுதுனாங்களாமே, நம்மூரு ரேஷன் கடைச் சண்டையே தேவலை.

அப்படி என்ன வித்தை அதுல? ஒரு கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, அரைக் கப் வெண்ணெய், ரெண்டு முட்டை, ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, மேல அடுக்க ஒரு டஜன் பழம். தூவ ரவ்வூண்டு பட்டைத்தூள், சொட்டு விட எலுமிச்சை. உங்க அப்பத்தா ரசத்துக்கு இதைவிடச் சாமான் கூடப் போடுவா. இம்புட்டை வச்சுக்கிட்டு ஒரு ஊரையே அழ வச்சிருக்குன்னா, வேலையைப் பாத்தது பழம்தான். நீ என்னடான்னா எசன்ஸு, பாதாம், சாக்லேட் பொடி, கிரீமுன்னு ஒரு பொட்டிக் கடையையே தூக்கிட்டு வந்திருக்க. அதையெல்லாம் அப்பத்தாகிட்டக் குடுத்துரு. பீரோவுல பூட்டி வச்சு, காலாவதியான பெறகு கவனமா எடுத்துக் குடுப்பா.

சரி, போன தடவை நீ போட்ட கேக்குக்கு வருவோம். ஓவனுக்குள்ள இருக்கையில கோபுரமா எந்திரிச்சு நின்னுச்சு, போட்டோ எல்லாம் எடுத்த. வெளிய எடுத்ததும் நடுவுல பொசுக்குன்னு குழி. உங்க சித்தப்பன் அதுல சட்னி ஊத்திக்கலாம்னான். நீ ஓவனைக் குத்தம் சொன்ன, மைதாவைச் சொன்ன, கடைசியில அப்பத்தா கண்ணு வச்சுட்டான்னு வரைக்கும் போயிட்ட. பாவம், அவ மேல ஒரு தப்பும் இல்ல. குத்தவாளி இந்த மலை.

நீ நிக்கிறது 7,000 அடி உசரம்டா. இங்க காத்தழுத்தம் கம்மி. தண்ணி 100 டிகிரி வரைக்கும் காத்திருக்காது, 93-லயே கொதிச்சிரும். குக்கர் இல்லாத வீட்ல பருப்பு வேகாமக் கல்லாக் கிடக்கிறது அதனாலதான். கேக்குக்குள்ளயும் அதே கூத்து. பவுடர்ல இருந்து வர்ற காத்தை மேல இருந்து அமுக்க ஆளில்ல. கண்டமேனிக்கு ஊதிப் பெருசாகும், மாவு வெந்து கெட்டிப்படுறதுக்குள்ள குமிழி ஒடஞ்சு உக்காந்துரும். மெட்ராஸ்ல ஒரு ஸ்பூன்னா இங்க முக்கால் ஸ்பூன் போடு. சர்க்கரையில ஒண்ணு ரெண்டு ஸ்பூனைக் குறை. இங்க ஈரம் வெறசாக் காயும், அதனால ரெண்டு ஸ்பூன் பால் சேத்துக்க. ஓவன்ல 175 வைக்கச் சொல்லியிருந்தா 185 வை. பட்லருக்கு இந்தக் கணக்கெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா? துரைசானி வசவுதான். கேக் அமுங்குன அன்னைக்கு அந்தம்மா வையிறதைக் கேட்டிருந்தா உனக்கும் இங்கிலீஷ் நல்லா வந்திருக்கும்.

இப்பப் பழம். தோட்டத்துல செங்காயாப் பறிச்சதுதான் கீழ மண்டிக்குப் போகும், நல்லாக் கனிஞ்சது மலை இறங்குறதுக்குள்ள கூழாயிரும். கேக்குக்கு ரெண்டுக்கும் நடுவுல வேணும். காம்புப் பக்கம் கட்டைவிரலை வச்சு அமுக்கு. லேசாக் குழையணும், விரல்ல ஈரம் படக்கூடாது. தோல் மேல வெளுப்பா ஒரு பூச்சு தெரியுதா? நீ பூஞ்சைன்னு சோப்புப் போட்டுத் தேச்சியே, அதேதான். அது பழத்தோட சொந்த மெழுகு. அது கலையாம இருந்தா, பத்துக் கை மாறாத பழம்னு தெரிஞ்சுக்கலாம்.

பழத்துல மேல இருந்து கீழ ஒரு கோடு ஓடும். அதோடயே கத்தியைச் சுத்தி விட்டு, ரெண்டு கையாலயும் எதிரும் புதிருமாத் திருகு. சிலது கொட்டையைக் கழட்டிக் கையில குடுத்துரும், சிலது உசுரே போனாலும் விடாது. விடாததோட மல்லுக்கு நிக்காத, ரெண்டு கன்னத்தையும் சீவிக்க. கொட்டையில ஒட்டுன மிச்சத்தை உப்பும் மொளகாப்பொடியும் தொட்டுச் சப்ப இந்த வீட்ல ஒரு ஆளு சும்மாத்தான் உக்காந்திருக்கேன். கொட்டையை ஒடச்சு உள்ள இருக்கிற பருப்பை மட்டும் வாயில போட்டுறாத. வாதுமை வாசம் அடிக்கும், ஏமாந்துறாத. வயித்துக்குள்ள போனா அதுல இருந்து சயனைடு கிளம்பும்.

மாம்பழத்துல போடலாமான்னு கேட்ட. அதுவும் கொட்டைக்காரப் பழந்தான், ஆனா நத்தத்துல இருந்து வர்ற பழத்துக்குச் சாறு சாஸ்தி, கேக் களியாயிரும். அதைக் கையில பிடிச்சுத் தின்னு.

வெண்ணெய் இங்க மே மாசத்துலயும் இளகாது. பொறுக்காம அடுப்புல வச்சு உருக்கிறாத. அடுப்புத் திண்டு ஓரத்துல வச்சுட்டு, முட்டையையும் பக்கத்துல வச்சுட்டு, ஒரு தூக்கம் போட்டு வா. கடையில வாங்குன உப்பு வெண்ணெய்னா தனியா உப்புச் சேக்காத. வெண்ணெயும் சர்க்கரையும் குழைக்கிறப்ப எம்புட்டு வேணும்னாலும் வீரத்தைக் காட்டு. மைதா விழுந்ததும் கையை அடக்கு. ஜிம்முல ஏத்துன பலத்தை அங்க காட்டுனா கேக்கு சவ்வாயிரும், எனக்கு இருக்கிறது நாலு பல்லு.

மாவு கெட்டியா இருக்கும், தட்டுக்குப் பத்தாதுன்னு தோணும். சொன்ன ரெண்டு ஸ்பூனுக்கு மேல பாலை ஊத்தி நீட்டாத, பழம் முங்கி அடியில போயிரும். தோல் மேல பாக்க அடுக்கு, அமுக்காம விடு. மாவு தானா எந்திரிச்சுப் பழத்தைச் சுத்தி ஏறிக்கும், சாறு இறங்குன எடமெல்லாம் கருஞ்சிவப்பா ஊறி நிக்கும். மழை வந்து கரண்டு போச்சுன்னா திருதிருன்னு முழிக்காத. பழைய குக்கர்ல கல்லுப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் விசிலையும் கழட்டிட்டு, சிம்முல வை. ஒரு மணி நேரம் ஆனதும் ஈர்க்குச்சியால குத்திப் பாரு. மாவுல குத்துடா. பழத்துல குத்திட்டு, ஈரமா இருக்கேன்னு விடிய விடிய வேக வைக்காத.

சுடச்சுட அறுக்கவும் கூடாது. இந்தக் கேக்கு மறுநாள்தான் ருசி, சாறு ராத்திரியெல்லாம் ஊறணும். அதுக்குக் காவல் வேணுமில்ல? நீ மேல போயித் தூங்கு, நான் அடுப்படியிலயே கட்டிலைப் போட்டுக்கிறேன். சுகர் இருக்குன்னு டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு, உங்க அப்பத்தாளுக்கு அதைவிட நல்லா ஞாபகம் இருக்கு. காலையில ஓரத்துல ஒரு துண்டு குறைஞ்சிருந்தா எலின்னு சொல்லிரு. அவ பொறி வைப்பா, வைக்கட்டும். பொறிக்குள்ளயும் கேக்குத்தான் வைப்பா, அதையும் நான் பாத்துக்கிறேன்.