பிரேக் மட்டும் சேராது

அந்தக் காலத்தில் பிரேக் போனால் லாரி நிற்காது. இந்தக் காலத்தில் பிரேக் போனால் லாரி நகராது. இரண்டு காலத்திலும் வண்டி வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. ஆகவே இந்த முன்னேற்றத்தைப் பற்றியும், அதற்கு நாங்கள் கட்டிய பணத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

சங்ககிரிப் பக்கம் காட்டை விற்று லாரி வாங்கியவர்கள் உண்டு. லாரியை விற்றுக் கடனை அடைத்தவர்களும் உண்டு. எங்கள் அப்பா இரண்டையும் செய்தவர். அவருடைய வண்டியில் பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தில் லைனிங்கை விரிக்கும். அவ்வளவு பெரிய வண்டியின் தலைவிதி மாஸ்டர் சிலிண்டருக்குள் இருந்த சின்ன ரப்பர் கப்பில் அடங்கியிருந்தது. கப் தேய்ந்தால் ஆயில் கசியும். பெடல் தரைவரை போகும். வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும்.

அதற்கு ஏற்ற இடம் தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது இறக்கம். அப்போது அது வாரணாசியில் தொடங்கும் 7ஆம் எண் நெடுஞ்சாலை. இப்போது ஸ்ரீநகரில் தொடங்கும் 44ஆம் எண். சாலையின் தலைமாடு காசியிலிருந்து காஷ்மீருக்குப் போய்விட்டது. இறக்கம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் டிரைவர் அண்ணன் செய்யும் காரியங்களுக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் பெடலைப் படபடவென்று மிதிப்பார். கொஞ்சம் ஆயில் மிச்சமிருந்தால் பிடிக்கும். அடுத்து கியரை ஒவ்வொன்றாகக் குறைப்பார். பிறகு ஹேண்ட் பிரேக். எதுவும் ஆகவில்லை என்றால் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கமாக வண்டியை உரசி அணைப்பார். இதற்கிடையில் கிளீனர் பையன் கட்டையோடு கீழே குதித்து ஓட வேண்டும், வேகம் குறைந்த நொடியில் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க. இன்று என்னென்னவோ பாதுகாப்புக் கருவிகள் என்கிறார்களே, அந்த வேலைக்கு அன்று எங்களிடம் இருந்த ஏற்பாடு பதினாறு வயதுப் பையனும் ஒரு வேலமரக் கட்டையும்தான். சம்பளம் பையனுக்கு மட்டும்.

வண்டி நின்ற பிறகு ரிப்பேர் சுலபம். பக்கத்து ஊர்ப் பட்டறையிலிருந்து மேஸ்திரி பஸ் பிடித்து வருவார். வண்டிக்கடியில் சாக்கை விரித்துப் படுத்துக் கப்பை மாற்றி, புது ஆயில் ஊற்றி, 'ஏர் எடுப்பார்'. குழாயில் காற்று புகுந்திருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் பிடிக்காது. அன்று பிரேக்குக்குக் காற்று என்பது நோய். இன்றைய லாரியில் காற்றுதான் பிரேக்.

காப்பீடு? அதுவும் இருந்தது. 1973இல் பொதுக் காப்பீடு அரசுடைமையான பிறகு நான்கே கம்பெனிகள்; நான்கும் அரசாங்கத்துடையவை. ஏஜென்ட் டீக்கடைக்கே வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அப்பா ஒருமுறை கேட்டார்: "ஏனுங்க, பிரேக் போனாக் காசு வருமுங்களா?"

"வராதுங்க."

பாலிசி விளக்கம் அத்தோடு முடிந்தது. அப்பா தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுக்கொண்டார். மீதியைக் குலதெய்வத்தின் பொறுப்பில் விட்டார். தெய்வத்துக்கு வருடம் ஒரு கிடாய். விலக்கு விதிகள் எதுவும் அங்கே எழுதிவைக்கப்படவில்லை.

இனி இந்தக் காலம். என் அண்ணன் மகன் புது லாரி வைத்திருக்கிறான். பாரத் ஸ்டேஜ் 6 எஞ்சின், ஏபிஎஸ், வண்டி எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்தே காட்டும் கருவி, டிரைவருக்கு மெத்தை இருக்கை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. கிளீனர் பையனை மட்டும் காணவில்லை. அவன் இடத்தில் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு.

போன ஆனியில் அந்த விளக்கு தொப்பூரில் எரிந்தது. சேசிஸில் உரசி உரசி ஒரு ஏர் ஹோஸ் ஓட்டையாகியிருக்கிறது. காற்றழுத்த முள் இறங்கியது, பஸ்ஸர் கத்தியது, டிரைவர் ஓரங்கட்டுவதற்குள் பின் சக்கரங்கள் இறுகிவிட்டன. புது வண்டியின் சூட்சுமம் அது. பின் சக்கரச் சேம்பருக்குள் ஒரு முரட்டு ஸ்பிரிங் இருக்கிறது. காற்றழுத்தம் இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். காற்று போனால் விரிந்து பிரேக்கைத் தானே போட்டுவிடும். நிச்சயமாக அருமையான கண்டுபிடிப்பு. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும். எங்கள் வண்டியையும் அப்படியே காப்பாற்றி, இடதுபக்கத் தடத்தை அடைத்துக்கொண்டு நிற்கவைத்தது.

அண்ணன் மகன் உதவி எண்ணுக்கு அழைத்தான். தமிழுக்கு ஒரு எண், கனரக வண்டிக்கு ஒரு எண் என்று அழுத்தியபின் ஒரு பெண் குரல் பரிவோடு கேட்டது: "சார், வண்டி பாதுகாப்பான இடத்துல நிக்குதா?"

"நடுரோட்டுல நிக்குதுங்க."

"முதல்ல ஓரமா நிறுத்திக்கோங்க சார்."

"நகந்தா நான் ஏனுங்க உங்களக் கூப்புடறேன்?"

இந்தக் கேள்விக்கு எந்த எண்ணை அழுத்துவது என்று யாரும் சொல்லவில்லை. பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் சாலையோர மெக்கானிக் ஒருவர் டூவீலரில் வந்தார். சேம்பருக்குப் பின்னால் இருக்கும் போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்து, சக்கரத்தை விடுவித்தார். ஹோஸை வெட்டி இணைப்பு போட்டார். காற்று ஏறியதும் போல்ட்டைத் தளர்த்தினார். வண்டி ஓரத்துக்கு வந்தது. அந்த மனிதர் கேட்ட கூலியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். உதவி எண்ணின் வண்டி வந்து சேர்ந்த நேரத்தைச் சொன்னால் அதையும் நம்பமாட்டீர்கள்.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு போட்டார்கள். வாரன்டி உண்டா என்றால், உண்டு. காற்றை ஏற்றும் கம்ப்ரஸருக்கு உண்டு, ஆனால் கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது. ஹோஸ் ரப்பர், ஆகவே தேய்மானப் பொருள். லைனிங் தேய்வதற்காகவே செய்தது, ஆகவே தேய்மானப் பொருள். டயாப்ரம்? அதுவும் ரப்பர். போதாக்குறைக்கு, "வெளியாள் கை வச்சிருக்காங்க சார்" என்று தலையை ஆட்டினார் மேலாளர். நடுரோட்டில் நின்ற வண்டியை நகர்த்தியதுதான் அந்த வெளியாள் செய்த குற்றம்.

அடுத்து இன்சூரன்ஸ். இந்தத் தலைமுறை முழு பாலிசி எடுத்திருந்தது, புத்தகமும் தடிமன். எவை சேரும் என்ற பக்கங்களைத் தாண்டி விலக்குப் பக்கத்துக்குப் போனால், தேய்மானமும் இயந்திர, மின்சாரப் பழுதும் உடைவும் சேராது என்று எழுதியிருக்கிறது. அதிகப் பாரத்தால் வரும் சேதமும் சேராது. விபத்தில் உடைந்தால் உண்டு. அப்போதும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதி விலையைக் கழித்துக்கொள்வார்கள். அதையும் கழிக்காமலிருக்கத் தனி இணைப்பு உண்டு, அதற்குத் தனி பிரீமியம் உண்டு. ஏஜென்ட் நல்ல மனிதர். உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "முன்னால போன வண்டியில லேசா இடிச்சிருந்தாக்கூட ஏதாச்சும் பாத்திருக்கலாம் தம்பி."

டிரைவர் யாரையும் இடிக்காமல் நிறுத்தியது எங்களுக்கு நட்டம். அப்பாவுக்கு ஒரே சொல்லில் கிடைத்த பதில் அவர் பேரனுக்கு அச்சிட்ட புத்தகமாகக் கிடைத்திருக்கிறது. பதில் மாறவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தேர்டு பார்ட்டி காப்பீட்டை யாரும் குறை சொல்ல முடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் பிரேக் போய் இன்னொருவர் அடிபட்டால், அவர் குடும்பத்துக்கு அது ஒன்றுதான் கதி. அது நமக்கான காப்பீடு இல்லை, நம்மிடமிருந்து மற்றவர்களுக்கான காப்பீடு. மற்றவற்றில்தான் தேய்மானம், விலக்கு எல்லாம்.

வண்டி மாறிய அளவுக்கு மாறாதது ஒன்றும் உண்டு. அன்றைய டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விட்டார். இன்றைய டிரைவரும் விடுகிறார். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. மொத்தச் சுமையும் லைனிங் மேல். டிரம் பழுக்கச் சூடேறி விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், புகை வரும். எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் கம்ப்ரஸரும் காற்றை மெதுவாகத்தான் ஏற்றும். மிதிக்க மிதிக்க டேங்க் காலியாகும். 'பிரேக் ஃபெயிலியர்' என்று செய்தியில் வருவதில் பல, பிரேக் கெட்டுப்போனதல்ல. பிரேக்கை வாட்டி எடுத்தது. ஏபிஎஸ் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். காய்ந்த லைனிங்கைக் குளிரவைக்காது. 2018இல் மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தினார்கள். கூடுதல் மூன்றரை டன்னையும் இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது அதே டிரம்தான்.

இதில் உச்சகட்ட வேடிக்கை, மிச்சம் என்று நினைக்கும் அந்த டீசல் மிச்சமே ஆவதில்லை. இன்றைய எஞ்சின் கியரில் இருக்க, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் டீசலை அடியோடு நிறுத்திவிடும். இறக்கமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் குடிக்கும். உயிரைப் பணயம் வைத்து டீசலை வீணாக்கும் வித்தையை நாம் இரண்டு தலைமுறையாகச் சிக்கனம் என்று நம்பி வருகிறோம்.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையெழுத்துக்கு முன் விலக்குப் பக்கத்தை முதலில் படியுங்கள். தேய்மானப் பொருள் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். நடுரோட்டில் நின்றால் வெளி மெக்கானிக் தொடலாமா என்று கேட்டு, அதையும் எழுத்தில் வாங்குங்கள். சொந்தப் பிழைப்புக்காக ஒரே லாரி ஓட்டுபவர் நுகர்வோர் சட்டப்படி நுகர்வோர்தான். 'வியாபாரம்' என்று சொல்லித் தட்டிக்கழித்தால் வாயை மூடிக்கொண்டு வராதீர்கள். தினமும் ஏர் டேங்கின் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். ஹோஸ் எங்காவது உரசுகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். தொப்பூரில் எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். அதற்குப் பிரீமியமும் கிடையாது, விலக்குப் பட்டியலும் கிடையாது.