ஃபர்ஸ்ட் குரூப்

மகளுக்கு பிளஸ் ஒன் விண்ணப்பம் வாங்கப் போயிருந்தேன். "எந்த குரூப் சார்?" என்று கேட்டதுமே எனக்கு வியர்த்துவிட்டது. குன்னூர்க் குளிரில் வியர்ப்பது லேசான காரியமில்லை.

1990இல் நான் பத்தாவது பாஸ். அப்பா எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கர். வாட்டிய இலையை மோந்தே பதம் சொல்லிவிடுவார். பையனின் பதம்தான் பிடிபடவில்லை. உறவுக்காரர்களைக் கூட்டினார்.

அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி மாமா, "ஃபர்ஸ்ட் குரூப் எடுடா. மேத்ஸும் இருக்கு, பயாலஜியும் இருக்கு. இன்ஜினியரும் ஆகலாம், டாக்டரும் ஆகலாம். ஒரே டிக்கெட்ல ரெண்டு படம்" என்றார். ஊட்டி இந்து நகர் ஃபிலிம் கம்பெனியில் இருந்த சித்தப்பா கெமிஸ்ட்ரி கட்சி. "கல்யாணம் நடக்கிறவரைக்கும் ஃபிலிம் விக்கும் தம்பி." கல்யாணங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. கம்பெனியைத்தான் மூடிவிட்டார்கள்.

எனக்கோ கணக்குப்பிள்ளை மேல் மோகம். சாயங்காலம் இலை எடை போடும் இடத்தில் போய் நிற்பேன். மழையில் நனைந்த இலைக்கு எத்தனை கிலோ கழிப்பது என்று அவருக்கும் பறிக்கிற அக்காக்களுக்கும் நடக்கும் சண்டைக்கு எந்த சினிமாவும் ஈடாகாது. காதில் சொருகிய பேனாவை அவர் எடுத்தால் தீர்ப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். மெதுவாக, "காமர்ஸ்..." என்றேன். "அது மார்க் இல்லாதவன் எடுக்கிறது" என்றார் மாமா. அதோடு சரி.

மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி என்று ஏறுகிறது. வழுக்காமலிருக்கத் தண்டவாளத்துக்கு நடுவே பற்சட்டம் வைத்திருக்கிறார்கள். கால்குலஸ் ஏறிய எனக்கு யாரும் எதுவும் வைக்கவில்லை. பயாலஜியில், பூஞ்சைப் படம் வரையுமுன்பே ரெக்கார்டு நோட்டில் நிஜப் பூஞ்சை பூத்துவிட்டது. அதற்கு மார்க் கிடையாதாம்.

1200க்கு 688. இரண்டு படமும் ஹவுஸ்ஃபுல். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். ஊட்டியின் முதல் பங்களாவான ஸ்டோன் ஹவுஸ் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. 1822இல் ஜான் சல்லிவன் கட்டத் தொடங்கியது. பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் படித்ததற்கு இந்த ஒரு வரி மிச்சம். இன்று ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்று கற்றுக்கொண்டது முப்பது வயதில்.

மகள் அக்கவுண்டன்சிதான் வேண்டும், சி.ஏ. படிக்கப் போகிறேன் என்கிறாள். வீட்டில் விடுவார்களா? ஊட்டியிலேயே மெடிக்கல் காலேஜ் வந்தாயிற்று, 150 சீட்டு, நீட்டுக்கு பயாலஜி வேண்டாமா என்று ஆளுக்கு ஆள் ஆரம்பித்தார்கள். கவுண்டர் முன்னால் என் வாயும் சும்மா இல்லை. "ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தா எங்கே வேணும்னாலும் போகலாமே பாப்பா" என்று மாமா குரலிலேயே சொல்லிவிட்டேன்.

"நீங்க எங்கேப்பா போனீங்க?" என்றாள்.

பேனாவைக் கொடுத்தேன். அக்கவுண்டன்சி குரூப் என்று அவளே எழுதினாள். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். மாமாவுக்கு இன்னும் தெரியாது. காது மந்தமாகிவிட்டது, ஆனால் 'குரூப்' என்ற சொல் மட்டும் நன்றாகக் கேட்கும். அருவங்காடு பக்கம் போனால் நீங்களும் வாய் விட்டுவிடாதீர்கள்.