சூரியனுக்கு முதுகைக் காட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது?

ஃபீனிக்ஸில் வெயில் கொளுத்துகிறது. திருத்தணிப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவன் என்ற என் ஜம்பமெல்லாம் இந்த ஊரிடம் செல்லாது. 2023-ல் தொடர்ந்து 31 நாள், பகலில் 43 டிகிரிக்குக் குறையவே இல்லை. அதனால் ஜூன் பிறந்தால் பாதி ஊர் கலிபோர்னியாக் கடற்கரைக்கு ஓடிவிடும். நாங்களும் ஓடினோம். சான் டியேகோவுக்கு வடக்கே என்சினிடாஸ்.

அங்கே அலைச்சறுக்குப் பலகையோடு போகிற பையனை எங்கே என்று கேட்டால் "சுவாமிஸ்" என்று கை காட்டுகிறான். சுவாமி யார் தெரியுமா? பரமஹம்ச யோகானந்தர். 1930-களில் கடலோர மேட்டில் ஆசிரமம் அமைத்தார். விளிம்பில் கட்டிய கோயில் மட்டும் 1942-ல் மண் சரிந்து போயிற்று. ஆசிரமம் இருக்கிறது, கீழே அடிக்கிற அலைக்கும் அவர் பெயர்தான். பிறகு 1975-ல் யோகா சொல்லிக்கொடுக்க மைசூர் பட்டாபி ஜோயிஸ் வந்தார். அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார், நம் சென்னையில் நூறு வயது வரை வாழ்ந்தவர். ஆக, அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் யோகா வகுப்பு.

உன் தம்பி பெண்டாட்டி சும்மா இருப்பாளா? விடியற்காலையில் என்னை எழுப்பிக் கடற்கரைக்கு இழுத்துப் போனாள். சொல்லிக்கொடுக்கிற அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்ததும், "இந்தியாவா? முன்வரிசைக்கு வாருங்கள்" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சிவன் ஆடிய ரத்தின சபை உள்ள திருவாலங்காட்டுக்காரன் நான், காதிலிருந்து விழுந்த குண்டலத்தைக் கால்விரலாலேயே எடுத்து மாட்டிக்கொண்டவர் எங்கள் சாமி, காரைக்கால் அம்மையார் எங்கள் ஊர் மண்ணில் கால் படக்கூடாதென்று தலையாலேயே நடந்து வந்தார் என்றெல்லாம் அளந்துவிட்டேன். வகுப்பே வாயைப் பிளந்தது. அடுத்து எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள்.

என் கால் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. அந்த அம்மா மட்டும் ஒற்றைக் காலில் நின்று, மற்றொன்றைக் காதோரம் கொண்டு போய் வைத்தார். அக்கா, நம் சாமியோடு போட்டி போட்டு ஆடிய காளியம்மா அந்த இடத்தில்தானே வெட்கப்பட்டுத் தோற்றாள்? போட்டியை என்சினிடாஸில் வைத்திருந்தால் சிவபெருமான் பாடு திண்டாட்டம்தான்.

சூரிய நமஸ்காரம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மெரினாவில் சூரியன் கடலிலிருந்து வரும். இங்கே கடல் மேற்கே. இவர்கள் கடலைப் பார்த்து நின்று, உதிக்கிற சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பன்னிரண்டு முறை கும்பிடுகிறார்கள். அதிலும் ஜூன் மாதம் முழுக்க அங்கே காலையில் கடல் மூட்டம்; வெயில் எட்டிப் பார்க்கப் பத்து, பதினொன்று ஆகிவிடும். முன்னாலும் சூரியன் இல்லை, பின்னாலும் இல்லை. நான் மட்டும் பாயைத் திருப்பிக் கிழக்கே பார்த்து நின்றேன். எதிரே கார் நிறுத்துமிடம். ஒரு லாரிக்கு நமஸ்காரம் செய்து முடித்தேன்.

இன்னொரு கூத்தும் நடந்த ஊர் அது. பள்ளிக்கூடத்தில் யோகா சொல்லிக்கொடுத்ததை, மதத்தைப் புகுத்துகிறார்கள் என்று பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். மதம் இல்லை, நடத்தலாம் என்று 2013-ல் நீதிபதி சொல்லிவிட்டார்; மேல்முறையீட்டிலும் 2015-ல் அதே தீர்ப்பு. நம் சத்துணவுக்கூடத்துப் பிள்ளைகள் தினம் சம்மணம் போட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். நல்லவேளை, அந்தப் பெற்றோர் யாரும் அரக்கோணம் பக்கம் வரவில்லை.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். நான் அளந்ததைக் கேட்டு, அந்த அம்மா மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கு நம் ஊருக்கு வரப் போகிறாராம். சென்ட்ரலில் அரக்கோணம் லோக்கல் ஏறச் சொல்லி, உன் விலாசமும் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இலை போட்டுத் தரையிலேயே சாப்பாடு வை, அவருக்கு நாற்காலி வேண்டியதில்லை. மாமாவைக் கண்டால் ஏதாவது ஆசனம் போடச் சொல்லுவார். மாமாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பிடித்து நிறுத்து.

உன் தம்பி