இறக்கைக்குள் ஒரு சீவாளி

சான் ஹோசே, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகன் விமானம் ஓட்டப் பழகுகிறான் என்று ஊரில் பேச்சு கிளம்பியிருப்பதாக அம்மா போனில் சொன்னாள். பேச்சில் பாதிதான் நிஜம். சனிக்கிழமைதோறும் அவன் விமானத்தில் ஏறுவது உண்மை. ஓட்டுவது பக்கத்து வீட்டு வாத்தியார். தம்பி மகனுக்கு இட்ட வேலை, தரையில் இருக்கும்போதே காமிராக்களின் பட்டனை அமுக்கிவிட்டு, மேலே போனதும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. முதல் பாதியை அவன் நன்றாகவே செய்கிறான்.

வாத்தியார் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்ற அமெரிக்கர். சும்மா இருக்கத் தெரியாத ரகம். ரீட்-ஹில்வியூ என்ற சின்ன விமான நிலையத்தில் ஒரு செஸ்னா 172-ஐ வாடகைக்கு எடுத்து, பறந்துகொண்டே பாடம் நடத்தி, அதை வீடியோவாக்குகிறார். நம் ஊரில் மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுப்போமே, அதே ஏற்பாடுதான். என்ன, மணிக்கு 200 டாலர். அவரிடம் இருப்பது தனியார் விமானி உரிமம். அதை வைத்துக்கொண்டு கூலிக்குப் பறக்கக் கூடாது. கூட வருகிறவர்களோடு செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். விமானி தன் பங்கைக் குறைத்துக்கொள்ளக் கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம். ஆகவே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உங்கள் தம்பி மகன் பாதி வாடகை கொடுக்கிறான். வேலை பார்ப்பதும் அவன், காசு கொடுப்பதும் அவன்.

செஸ்னா 172, 1956-இல் சந்தைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் செய்துவிட்டார்கள். உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் பிறந்ததில்லை. நாலு சீட்டு. ஆனால் நாலு பேர் ஏறிவிடலாம் என்று அர்த்தமில்லை. வாத்தியார் எடுக்கும் மாடல், ஆள், பெட்ரோல், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்ந்து 2,550 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. அதாவது சுமார் 1,157 கிலோ. முதல் நாள் அவர் எடை கேட்டார். தம்பி மகன் மூன்று வருஷத்துக்கு முந்தைய எடையைச் சொன்னான். அவர் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய், குளியலறையில் கிடந்த எடை மெஷினைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். மடியில் வைத்திருந்த தயிர்சாத டப்பாவையும் கையில் பிடித்துக்கொண்டு ஏறச் சொன்னார். அன்றைய வீடியோ எடையையும் சமநிலையையும் பற்றியது. முள் நின்ற இடத்தை அத்தனை நெருக்கத்தில் காட்டியிருக்க வேண்டாம்.

விமானப் பாடத்தை வீடியோவாக்கும் வித்தையை வாத்தியார் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சான் டியேகோவைச் சேர்ந்த ஜான் கிங், மார்த்தா கிங் தம்பதி 1970-களிலேயே ஊர் ஊராகச் சின்ன விமானத்தில் பறந்துபோய் வார இறுதியில் விமானிகளுக்கு வகுப்பு எடுத்தவர்கள். பிறகு அதே பாடத்தை வீடியோ கேசட்டில் அடைத்து விற்றார்கள். அதைப் பார்த்துப் பரீட்சை எழுதிய தலைமுறையில் நம் வாத்தியாரும் ஒருவர்.

காமிரா சமாசாரம் தனிக் கூத்து. முதல் வீடியோவில் விமானத்தின் காற்றாடி கதிர் அரிவாள் மாதிரி வளைந்து, துண்டு துண்டாகக் காற்றில் மிதந்தது. தம்பி மகனுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. காற்றாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்னக் காமிராக்கள் படத்தை ஒரே வீச்சில் பிடிப்பதில்லை, வரி வரியாகப் படிக்கின்றன. நிமிஷத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றும் காற்றாடி, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இடம் மாறிவிடுகிறது. வைத்தியம், லென்ஸின்மேல் கறுப்புக் கண்ணாடி மாட்டுவது. வெளிச்சம் குறைந்தால் காமிரா கண்ணை அதிக நேரம் திறந்து வைத்திருக்கும். காற்றாடி மெல்லிய புகைபோலத் தெரியும். கலிஃபோர்னியா வெயிலில் காமிராவும் கூலிங்கிளாஸ் போடுகிறது.

இனிதான் உங்களுக்கான விஷயம், பெரியப்பா.

கிளம்புமுன் வாத்தியார் விமானத்தை ஒரு முழுப் பிரதட்சிணம் வருவார். இறக்கைகளின் அடியிலும் உடலின் அடியிலும் உள்ள 13 குழாய்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். தண்ணீர் கனமானது, இருந்தால் அடியில் முத்தாகத் தங்கும். ஒரு சனிக்கிழமை, அது முடிந்ததும் ஒரு குட்டி ஏணியை இடது இறக்கைக்கு முன்னால் போட்டு ஏறினார். இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னத் துவாரம். அதன்மேல் சலவை செய்த கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சினார். அறுபது வயது தாண்டிய மனிதர் விமானத்தை முத்தமிடுகிறாரே என்று தம்பி மகன் திகைத்து நிற்கும்போது, உள்ளேயிருந்து ஙீ என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து, நாயனத்தில் பொருத்துமுன் சீவாளியை மட்டும் உதட்டில் வைத்துப் பார்ப்பீர்களே, அதன் தூரத்து உறவு. உள்ளே இருப்பதும் துடிக்கும் நாக்குதான். நீங்கள் ஊதினால் பேசும். இது உறிஞ்சினால் பேசும். விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி நிமிரும்போது அந்தத் துவாரத்தில் காற்றழுத்தம் குறைந்து, காற்று நாக்கு வழியாக உள்ளிருந்து இழுபடும். இறக்கை தன் பிடியை விடப்போகிறது என்று அது விமானிக்கு அழுது சொல்லும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

அன்றைய பாடமே இறக்கை பிடியை விடும் அந்த நிலைதான், அதற்கு ஸ்டால் என்று பெயர். ஸ்டால் என்றால் எஞ்சின் நின்றுபோவது என்றுதான் கார் ஓட்டுகிற எல்லாரும் நினைக்கிறோம். எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் 15 டிகிரி வாக்கில் தாண்டினால், மேற்புறம் வழிந்தோடும் காற்று பிய்த்துக்கொண்டு கலைந்துவிடும். தூக்கும் சக்தி சரிந்துவிடும். மார்கன் ஹில் பக்கம் 4,000 அடி உயரத்தில், வேறு விமானம் இல்லை என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, வாத்தியார் எஞ்சினைத் தணித்து மூக்கை நிமிர்த்தினார். வலது சீட்டுக்கு முன்னாலும் ஒரு கைப்பிடி உண்டு. அவர் இழுக்க இழுக்க, யாரும் தொடாமலே அது ஆவி புகுந்தாற்போல் நகர்ந்து வந்து தம்பி மகனின் தொப்பையில் இடித்தது. சீவாளி முதலில் முனகி, பிறகு வீறிட்டது. விமானம் உதறியது. மூக்கு பொத்தென்று சரிந்தது.

“ஐயோ முருகா!”

வாத்தியார் அலட்டிக்கொள்ளாமல் கைப்பிடியை முன்னால் தள்ளினார். விழுகிறோம் என்று உடம்பெல்லாம் கத்தும்போது மூக்கை இறக்கிவிட வேண்டும், அப்போதுதான் இறக்கை காற்றை மறுபடி பிடிக்கும். பாடத்தின் கஷ்டமே அங்கேதான். மூளைக்குப் புரிந்தாலும் கைக்குப் புரிய நாளாகும்.

முதலில் ஓட்டு, பிறகு வழி பார், அதற்குப் பிறகு பேசு என்பது இந்த ஊர் விமானிகளின் பழைய பாடம். படம் பிடிப்பதற்கு அந்த வரிசையில் இடமே கிடையாது என்பார் வாத்தியார். ஆகாயத்தில் காமிரா நின்றுபோனாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். காரணம் இருக்கிறது. 2014 மே மாதம் கொலராடோவில் இரண்டு பேரோடு ஒரு குட்டி செஸ்னா விழுந்தது. அதற்குச் சற்று முந்தைய பறத்தலில் விமானி கைப்பேசியில் ஃபிளாஷ் போட்டுத் தன்னைத்தானே படம் எடுத்தது, விமானத்திலிருந்த காமிராவில் பதிவாகியிருந்தது. விழுந்ததற்கும் அந்தக் கவனச்சிதறலே காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணை முடிவு சொன்னது. இன்னொருவர் 2021 நவம்பரில், இதே கலிஃபோர்னியாவில், காமிராக்களை மாட்டி, பாராசூட்டோடு ஏறி, பறக்கிற விமானத்திலிருந்து குதித்துவிட்டு, எஞ்சின் நின்றுபோனதாகக் கதை கட்டினார். எதற்காக? ஒரு மணிபர்ஸ் விளம்பரத்துக்காக. உரிமம் பறிபோயிற்று, 2023-இல் ஆறு மாதச் சிறைத் தண்டனையும் கிடைத்தது.

தலையில் மாட்டும் ஹெட்செட்டிலிருந்து ஒரு வயர் நேராகக் காமிராவுக்குப் போகிறது. அதனால் எஞ்சின் இரைச்சல் அடங்கி, பேச்சு மட்டும் துல்லியமாகப் பதிவாகும். முருகனும் துல்லியமாகப் பதிவாகிவிட்டார். அதை வெட்டிவிடும்படி உங்கள் தம்பி மகன் வடை செய்துகொண்டுபோய் மன்றாடினான். வாத்தியார் வடையைத் தின்றார், முருகனை வெட்டவில்லை. என்ன சத்தம் கேட்கும், எப்படி உதறும் என்று பயணியிடம் முன்கூட்டியே சொல்லாதது விமானி செய்த பிழை என்று தன் குரலிலேயே சேர்த்தார். கீழே ஒரு வரியும் ஓடுகிறது: ‘பயணி மலைக்கடவுளை அழைக்கிறார்.’ அர்த்தம் சொல்லிக் கொடுத்தது இவன்தான்.

நாயனத்தைப் பற்றி அவரிடம் சொல்லப்போக, இப்போது சீவாளியை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். அடுத்த வீடியோவில் இறக்கைத் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவாராம். அம்மா அனுப்பும் பார்சலில் ஒன்று வையுங்கள், பெரியப்பா. இரண்டாகவே வைத்துவிடுங்கள், ஒன்றை அவர் கட்டாயம் உறிஞ்சிப் பார்ப்பார்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்