ஸ்டெப்னி சித்தப்பா பதில்கள்

மார்கழிப் பனி, மலைப்பாதை, டயர்: இந்த முறை இவை மட்டும். பெயர் வேண்டாம், வண்டியின் யோக்கியதையை எழுதினால் போதும் என்று சொல்லியிருந்தேன். அநியாயத்துக்கு நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள்.

புது வெள்ளைக் கார், செங்கம்: போயும் போயும் 'ஸ்டெப்னி' என்றா பெயர் வைத்துக்கொள்வது?

அந்தக் காலத்துக் கார்களுக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், இரண்டு சகோதரர்கள் 1904 வாக்கில் அதைச் செய்து விற்றார்கள். தெருப் பெயர் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரன் மறந்துவிட்டான், நம் மெக்கானிக் மறக்கவில்லை. எந்நேரமும் கூடவே வருவது, ஆபத்தில் மட்டும் தேடப்படுவது, தேடும்போது காற்றில்லாமல் கிடப்பது... சித்தப்பாவுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

கடன் முடியாத கார், மேல்செங்கம்: நம் ஊருக்கும் சாலைப் பாதுகாப்புக்கும் ஸ்நானப்பிராப்தியாவது உண்டா?

உண்டு தம்பி. சங்க காலத்தில் இந்தச் செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்வதுதான் 'மலைபடுகடாம்'. 583 அடி. எங்கே குழி, எங்கே வழுக்கும், எந்தப் புனத்திலிருந்து கவண்கல் பறந்து வரும் என்று சொல்லி அனுப்புகிறார் பெருங்கௌசிகனார். கூகுள் மேப் 'இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்புக' என்பதோடு சரி. கவண்கல் சமாச்சாரமெல்லாம் அதற்குத் தெரியாது.

வாசலில் படுக்கும் கார், புதுப்பாளையம்: ராத்திரி சரியாக இருந்த டயர் காற்று, விடிந்தால் குறைகிறது. எதிர்வீட்டுக்காரர் மேல் சந்தேகம்.

அவரை விடுங்கள். காற்று குளிருக்கு ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது, போர்வைக்குள் உங்களைப் போல. பத்து டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. இறங்கும். வண்டி ஓடிச் சூடாகும் முன்பே அளந்து பிடியுங்கள். சந்தேகத்தை வேறு விஷயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பந்து மாதிரி குதிக்கும் கார், தண்டராம்பட்டு: டயரிலேயே '51 பி.எஸ்.ஐ.' என்று அச்சிட்டிருக்கிறது. அத்தனையும் பிடித்துவிட்டேன்.

அது டயர் தாங்கும் உச்சம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். மண்டபத்தில் 'ஆயிரம் பேர் அமரலாம்' என்று எழுதியிருந்தால், ஆயிரம் பேரையும் அழைத்தே தீரவேண்டுமா?

வசதியான கார், திருவண்ணாமலை: சாதாரணக் காற்றா, நைட்ரஜனா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மிச்சத்துக்குத்தான் காசு. கொஞ்சம் மெதுவாக இறங்கும், அவ்வளவே. விமானத்துக்கு அவசியம். நீங்கள் செங்கம் வரைக்கும்தானே போகிறீர்கள்? தரையோடு போனால் போதும்.

வழுக்கைத் தலைக்காரரின் கார், போளூர்: டயர் பட்டன் தேய்ந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குனிந்து. டயரின் தோளில் 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் விரலை விட்டால், வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு தட்டும். பட்டன் தேய்ந்து வரப்போடு சமமானால் மிச்சம் 1.6 மி.மீ. சட்டம் அதோடு நிறுத்தச் சொல்கிறது. மழை நாளை நினைத்து அதற்கு முன்பே நிறுத்துங்கள். பிறகு நீங்கள் நிறுத்த நினைத்தாலும் வண்டி நிற்காது.

ஷெட்டைவிட்டு வெளிவராத கார், சிங்காரப்பேட்டை: ஏழு வருஷமாகியும் டயர் புதுசு போலவே இருக்கிறது.

ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். பக்கவாட்டில் நாலு இலக்கம் தேடுங்கள். 2218 என்றால் 2018-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் பிறந்தது. பட்டனுக்கு நடுவே பொடிப்பொடியாக வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். புது டயர் வாங்கும்போதும் இந்த ஜாதகத்தைப் பாருங்கள். ஜோசியர் எழுதியதைவிட நம்பகமானது.

ஆணி குத்திய கார், ஊத்தங்கரை: டயரின் பக்கவாட்டில் ஓட்டை. பஞ்சர் கடைக்காரர் 'முடியாது' என்று கையை விரித்துவிட்டார்.

நல்ல மனிதர். தரையில் பதியும் இடத்தில் ஓட்டை என்றால் அடைத்துவிடலாம். பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரிகிறது; அங்கே ஒட்டு நிற்காது. அவர் வேலை செய்யும்போது பார்த்திருக்கிறீர்களா? சோப்புத் தண்ணீரைத் தடவி, எங்கே கொப்புளம் விடுகிறது என்று கன்னம் டயரில் படுகிற அளவுக்குச் சாய்ந்து பார்ப்பார். என் டாக்டர்கூட என்னை அவ்வளவு கிட்டே வந்து பார்த்ததில்லை.

பழைய மினி லாரி, செங்கம்: டயர் தொழிலில் பெரிய ஆள் ஆவது எப்படி?

1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யக் கிளம்பினார் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. அதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். காற்றை உள்ளே அடைத்தவர் உயர்ந்தார். வெளியே விடுபவர்கள் டீக்கடையில் இருக்கிறோம்.

பின் சீட்டு, ஐந்தாம் வகுப்பு: டயர் ஏன் கறுப்பா இருக்கு, தாத்தா?

தாத்தா இல்லை, சித்தப்பா! ரப்பர் பால் வெள்ளைதான் பாப்பா. முதலில் வந்த டயர்களும் வெளுப்பாகத்தான் இருந்தன. கரிப்பொடி சேர்த்த பிறகுதான் பல மடங்கு உழைக்க ஆரம்பித்தன. உழைக்கிற நிறம் கறுப்பு. டிவியில் முகக் கிரீம் விளம்பரம் வந்தால் இதை நினைத்துக்கொள்.

மகன் அனுப்பிய பணத்தில் வாங்கிய கார், செங்கம்: மான்ட்ரியாலில் இருக்கும் என் பையன் டிசம்பர் வந்தால் டயரையே மாற்றுகிறான். நாமும் மாற்றலாமா?

அவன் மாற்றாவிட்டால் அபராதம். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறையும். அந்த டயர் மெத்தென்றே இருக்கும். அதை இங்கே மாட்டுவது, அக்னி நட்சத்திரத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிரிவலம் போவதற்குச் சமம்.

வெள்ளைச் சுவரில் மோதப் பார்த்த கார், பரமனந்தல்: ஜமுனாமரத்தூர் ஏறும்போது பனிமூட்டம். ஹை பீம் போட்டால் இன்னும் மோசமாகிறது.

மூட்டம் என்பது மிதக்கும் நீர்த்துளி. ஹை பீம் அதில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீமில் மெதுவாகப் போங்கள். ஜன்னலை இரண்டு விரல் இறக்கி, பாட்டை நிறுத்துங்கள். கண் மங்கும் இடத்தில் காது பார்க்கும். முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கை மட்டும் நம்பி ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் டீக்கு நிறுத்துவார்.

மினுமினுக்கும் கார், பக்கிரிபாளையம்: பனியில் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டே ஓட்டுகிறேன். பாதுகாப்புதானே?

நாலும் மினுங்கினால் 'நான் நிற்கிறேன்' என்று அர்த்தம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்பதும் தெரியாது. நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஓடுவதும், எந்தப் பக்கம் என்று காட்டாததும் தேர்தலுக்குச் சரி. சாலைக்கு ஆகாது.

கூட்டுக்குடும்பக் கார், குப்பநத்தம்: குளிரில் முன்கண்ணாடி உள்ளே புகைபோல மூடிக்கொள்கிறது.

ஆறு பேர் மூச்சு உள்ளே, குளிர் வெளியே. ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்றை வரவிடுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடும். அத்தையிடம் 'பேச்சைக் குறையுங்கள்' என்று சொல்வதைவிட இதில் செலவு குறைவு.

கண் கூசும் கார், காவலூர் சாலை: எதிரே வருகிறவர் ஹை பீமைக் குறைப்பதே இல்லை.

காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. எங்கோ கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் மினுங்கும் துளி வெளிச்சத்தைத் தேடுகிறார்கள். பாவம், உதவி செய்வோம் என்று நினைத்தாரோ என்னவோ. நீங்கள் அந்த விளக்கைப் பார்க்காமல், வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓரத்தைப் பாருங்கள்.

கருகல் வாசனைக் கார், ஜமுனாமரத்தூர்: மலையிறக்கத்தில் பிரேக் எவ்வளவு பிடிக்கலாம்?

ஏறிய கியரிலேயே இறங்கினால் பிரேக்குக்குப் பாதி வேலைதான். ஒருகாலத்தில் நானும் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கியவன். பாதி மலையில் கருகல் வாடை. "எங்கேயோ புளியங்கொட்டை வறுக்கிறாங்க" என்றேன், பின்னால் இருந்த அத்தையிடம். அடுத்த வளைவில் மிதித்தால் வண்டி நிற்க யோசிக்கிறது. வறுபட்டது என் பிரேக். இரண்டாம் கியரும் கைப்பிரேக்கும் காப்பாற்றின. அத்தை அன்றிலிருந்து பஸ்ஸில்தான்.

சிக்கனமான கார், போளூர்: இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம்தானே?

செலவு. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டி கியரில் இறங்கும்போது, ஆக்சிலேட்டரில் கால் இல்லையென்றால் பெட்ரோலைத் தானே நிறுத்திக்கொள்கிறது. நியூட்ரலில் போட்டால், இன்ஜின் அணையாமலிருக்கக் குடித்துக்கொண்டே வரும். கஞ்சத்தனத்துக்கும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

மூக்கோடு மூக்கு நின்ற கார், ஜவ்வாது மலை: குறுகலான மலைச்சாலையில் யார் யாருக்கு வழிவிடுவது?

இறங்குகிறவர், ஏறுகிறவருக்கு. சாலை விதியே அதுதான். ஏற்றத்தில் நின்ற வண்டியைத் திரும்பக் கிளப்புவது பாடு. இதில் வாழ்க்கைத் தத்துவம் தேடாதீர்கள். இது கியர் கணக்கு.

வாலிபக் கார், செங்கம்: வளைவில் ஓவர்டேக் எடுப்பது வீரம் இல்லையா?

வீரத்துக்குப் பெயர்போன மண் இது. செங்கம் வட்டாரத்து நடுகற்களுக்குத் தமிழகத் தொல்லியல் துறை 1972-இல் தனிப் புத்தகமே போட்டது. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவர்கள் அதில் நிறைய. மாட்டை மீட்டவனுக்குக் கல் நட்டார்கள் தம்பி. மாடு மாதிரி ஓட்டியவனுக்கு யாரும் நட்டதில்லை.

அவசரக் கார், பெங்களூரு: நடுராத்திரி கிளம்பினால் விடிவதற்குள் செங்கம் வந்துவிடலாமே?

இதற்கு மட்டும் கேலி இல்லாத பதில். 2023 அக்டோபரில், பத்து நாளுக்குள், செங்கத்தை ஒட்டி இதே சாலையில் இரண்டு கோர விபத்துகள். பத்துப் பேருக்கு மேல் வீடு திரும்பவில்லை. தூக்கத்துக்கு மருந்து டீ அல்ல, தூக்கம்தான். ஓரங்கட்டிப் படுங்கள். செங்கம் அங்கேயேதான் இருக்கும்.

தள்ளு மாடல் கார், சாத்தனூர்: மார்கழியில் மட்டும் செல்ஃப் எடுப்பதில்லை.

பேட்டரி சித்திரையில் கெடும், மார்கழியில் காட்டிக்கொடுக்கும். நாலு வயது தாண்டியிருந்தால் கடையில் கொடுத்துச் சோதியுங்கள். தள்ளுவதற்கு நாலு பேர் ஓடிவந்தால் ஊரில் உங்களுக்கு நல்ல பெயர் என்று அர்த்தம். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு நல்ல பெயரும் உதவாது.

காலையில் உறுமும் கார், செங்கம்: தினமும் பத்து நிமிஷம் ஓடவிட்டு இன்ஜினைச் சூடாக்குகிறேன்.

சோக் இழுத்துக் கிளப்பிய அம்பாசடர் காலத்துப் பழக்கம். அம்பாசடர் தயாரிப்பே 2014-இல் நின்றுவிட்டது; பழக்கம் நிற்கவில்லை. அரை நிமிஷம் போதும், பிறகு மெதுவாக ஓட்டியே சூடாக்கலாம். பத்து நிமிஷம் உறுமினால் சூடாவது பக்கத்து வீட்டுக்காரர்.

தாகமுள்ள கார், தண்டராம்பட்டு: குளிர்காலம்தானே, ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் போதாதா?

போர் தண்ணீர் காய்ச்சிய குண்டானின் அடியைச் சுரண்டிப் பாருங்கள். அந்த வெள்ளை உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கூலன்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையை உயர்த்தும். சூட்டோடு மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்க வேறு வழி இருக்கிறது.

வயலோரத்துக் கார், புதுப்பாளையம்: பானெட்டுக்குள் எலி. ஒயரைக் கடித்துவிட்டது.

பிள்ளையாரின் வாகனம் உங்கள் வாகனத்தில் ஏறியிருக்கிறது. அறுவடை முடிந்தால் வயலில் சோறு தீர்ந்தது, பானெட்டுக்குள்ளோ கதகதப்பு. தின்பண்டம் சிந்தாதீர்கள், வண்டியைத் தினமும் எடுங்கள், அடிக்கடி திறந்து பாருங்கள். ஆளில்லாத வீடு என்றால்தான் குடிவரும். பூனை வளர்த்தால், கிளப்பும் முன் பானெட்டை ஒரு தட்டுத் தட்டுங்கள். பூனைக்கும் கதகதப்பு பிடிக்கும்.

சாவி மறைக்கும் கணவர், செங்கம்: மனைவி கார் கற்றுக்கொள்கிறேன் என்கிறாள். நடுவழியில் ரிப்பேரானால் என்ன செய்வாள்?

1888-இல் பெர்த்தா பென்ஸ், புருஷனுக்குச் சொல்லாமல், இரண்டு பையன்களோடு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். எரிபொருள் குழாய் அடைத்தது; தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தது, செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். காரைக் கண்டுபிடித்தவர் புருஷன். அது ஊர் விட்டு ஊர் போகும் என்று கண்டுபிடித்தது அந்த அம்மா. நீங்கள் சாவியைக் கண்டுபிடித்துக் கொடுங்கள், போதும்.

கிளட்ச் போன கார், திருவண்ணாமலை: தீபத்தன்று கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து...

தெரியும். மலையுச்சியில் தீபம் ஏறும் முன்பே உங்கள் கிளட்ச் பிளேட் ஏறிவிட்டது. அரைக் கிளட்சில் ஊர்ந்தால் அப்படித்தான். ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்திருக்கலாம். காலில் கிளட்ச் கிடையாது.

பனி விளக்கு மாட்டிய கார், போளூர்: மார்கழி முடிந்ததே, கழற்றிவிடலாமா?

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும். கார் கண்ணாடி எம்மாத்திரம்? இருக்கட்டும்.

பக்தியுள்ள கார், மேல்செங்கம்: டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது மூடநம்பிக்கையா?

வைக்கும்போது குனிகிறீர்கள் அல்லவா? அப்படியே டயரின் உட்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வருஷத்தில் ஒரு நாளாவது குனியவைத்தார்களே, அந்தப் பெரியவர்களுக்கு ஒரு கும்பிடு.

நாளை டெலிவரி எடுக்கும் கார், செங்கம்: சீட் கவர், ஸ்பீக்கர், வாசனை டப்பா... முதலில் எதை வாங்குவது?

காற்று அளக்கும் மீட்டர். சில நூறு ரூபாய்க்குச் சட்டைப்பை அளவில் கிடைக்கும். ஞாயிறு காலை, காபிக்கு முன், நாலு முறை குனிந்தால் நாலு டயரும் பேசிவிடும். ஐந்தாவதாக டிக்கியைத் திறங்கள். அங்கே உங்கள் சித்தப்பா காற்றில்லாமல் கிடக்கிறேன்.