மூன்றாவது வகை மென்பொருள்

கட்டற்ற மென்பொருளா, காசு கொடுத்து வாங்குவதா என்று அறிஞர்கள் பட்டிமன்றம் நடத்தட்டும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையோரத்துச் சின்னப் பட்டறைகள் சிலவற்றில் தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது: இரண்டுமில்லை, 'கிராக்' போட்டதுதான். விண்டோஸின் வசதி, லினக்ஸின் விலை!

அரசாங்கம் முயலாமல் இல்லை. 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோது, தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் வந்தது. பிள்ளைகள் பலர் அதையும் திறந்து பார்த்தார்கள், கணினி தொடங்கும்போது வரும் மெனுவில் அம்புக்குறி தவறி ஒரு வரி நகர்ந்த நாட்களில்.

லினக்ஸ்மீது பட்டறை முதலாளிக்குக் கோபமில்லை. பழைய கணினியிலும் ஓடும், வைரஸ் தொல்லை குறைவு, லிப்ரே ஆபிஸில் கொட்டேஷன் அடிக்கலாம். ஆனால் கணக்குப் பார்ப்பவருக்கு டேலி வேண்டும், வரைபவருக்கு ஆட்டோகேட் வேண்டும். இரண்டுக்கும் லினக்ஸில் நேரடிப் பதிப்பு கிடையாது. வாங்கலாமே என்றால், "சி.என்.சி. மெஷினுக்கே லோன் கட்டி முடியல சார். கண்ணுக்குத் தெரியாததுக்கும் காசா?" என்பார்.

பெரிய கம்பெனியிலிருந்து மென்பொருள் ஆடிட் வருகிறது என்று போன் வந்தால் மட்டும் காட்சி மாறும். ஒரே இரவில் எல்லாத் திரையிலும் உபுண்டு. அன்றைக்கு அவரைவிடத் தீவிரமான கட்டற்ற மென்பொருள் பக்தர் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஆடிட்டர்கள் அடிக்கடி வந்தால் போதும், லினக்ஸுக்குத் தனியாகப் பிரச்சாரமே தேவையில்லை.