எலி புகாத ஊர்

பிரேசர் டவுன் எலிக்குப் பயந்து கட்டிய பேட்டை. 1898-ல் பெங்களூரில் பிளேக் புகுந்து தெருத்தெருவாகக் காலி செய்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு, கன்னடக்காரர்கள் ‘தண்டு’ என்று சொல்லும் கண்டோன்மென்ட்டின் நெரிசலைக் குறைக்க இந்த இடத்தைப் பிடித்தார்கள். ஜே.எச். ஸ்டீபன்ஸ் என்ற பொறியாளர், எலி நுழைய முடியாத வீட்டை எப்படிக் கட்டுவது என்று மண்டையைக் குடைந்து, 1914-ல் பிளேக் அண்டாத நகரமைப்பு பற்றி ஒரு புத்தகமே போட்டார். ஸ்டீபன்ஸ் ரோடு இன்னும் இருக்கிறது. எலியும் இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு சாக்கடை ஓரம் போனால் பூனைக்குட்டி சைஸில் தரிசனம் கிடைக்கும். ஆனால் மனுஷன் உள்ளே புகாமல் தடுக்கும் கலையில் ஸ்டீபன்ஸ் துரை கனவிலும் காணாத உச்சத்தை எங்கள் பேட்டை தொட்டுவிட்டது.

என் சிநேகிதரின் மகன், வாணியம்பாடிப் பையன், மான்யதா டெக் பார்க்கில் வேலை கிடைத்து வந்தான். “அங்கிள், உங்க ஏரியாவுல ஒரு ஒன் பிஹெச்கே பாருங்க” என்றான். எனக்குத் தெரிந்த புரோக்கருக்கு போன் போட்டேன். மனுஷன் வாயில் தேன் ஒழுகியது. வடக்குப் பார்த்த வாசல், காவேரித் தண்ணி, போர்வெல், பைக் நிறுத்த இடம், எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்: “பையன் பேரு இன்னா சொன்னீங்கோ சார்?”

சொன்னேன். தேன் நின்றது. “ஓனர் ரொம்ப நல்லவங்கோ சார். ஆனா வெஜ் பார்ட்டி.” பையனும் வெஜ்தான் என்று சும்மா அடித்துவிட்டுப் பார்த்தேன். “பேரு வெஜ் இல்லீங்களே சார்” என்றார்.

(பேரை இங்கே எழுதவில்லை. எழுதினால் உங்களில் சிலர் வீட்டிலும் மாடி போர்ஷன் திடீரென்று காலியில்லாமல் போய்விடும்.)

புரோக்கரிடம் இப்படிச் சொல்லிவைத்த ஓனர் யார் என்று நினைக்கிறீர்கள்? நோன்பு மாதம் வந்தால் சாயங்காலமே குடும்பத்தோடு மசூதித் தெருவுக்கு, அதாவது மாஸ்க் ரோட்டுக்கு, போய் நிற்கிறவர். ஹலீம், சமோசா, ‘பத்தர் கா கோஷ்த்’ என்று ஒவ்வொரு தட்டாகப் போட்டோ எடுத்து, “எங்க ஏரியாவின் ஒற்றுமையைப் பாருங்கள்” என்று ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர். 1902-ல் தொடங்கிய ஆல்பர்ட் பேக்கரி வாசலில் மூளை பஃப்ஸ் தீர்ந்துவிடப் போகிறதே என்று முண்டியடிக்கிற வெஜ் பார்ட்டி. சமோசாவுக்கு வீசா உண்டு. சமோசா போட்டவனுக்கு மாடி போர்ஷன் கிடையாது.

அப்புறம் மசூதித் தெருப் பக்கம் தேடினோம். அங்கே பேருக்குப் பிரச்சினை இல்லை. “பேச்சிலருக்குக் கொடுக்கறதில்ல பேட்டா, வீட்ல பொம்பளைப் பிள்ளைங்க இருக்காங்க” என்று ஒரு பெரியவர் ரொம்பப் பிரியமாக டீ கொடுத்து அனுப்பினார். மூன்றாவதாகப் போனது நம் தமிழ்க்காரர் வீடு. ஹாலில் திருவள்ளுவர் படம். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 18 வருஷம் கோணி சுற்றிக் கிடந்து 2009-ல்தான் திறக்கப்பட்ட அநியாயத்தை அரை மணி நேரம் கண் கலங்கச் சொன்னார். அந்த முகமூடிக் காலத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் நடுங்கியது, நான் பொய் சொல்லவில்லை. பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “பையன் இருக்கட்டும், நீங்க என்ன ஆளுங்க?”

ஆகமொத்தம் ஒவ்வொருத்தர் வீட்டிலும் ஒரு எலி தடுப்புச் சுவர். எலியின் பெயர் மட்டும் தெருவுக்குத் தெரு மாறும்.

இந்த அலைச்சல் நடந்துகொண்டிருந்தபோதே எங்கள் அபார்ட்மென்ட்டின் நாலாவது மாடிக்கு ஒரு ஜெர்மன்காரர் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர், அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ‘சி’ பாரம் பூர்த்தி செய்து குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். ஓனரே உட்கார்ந்து பாரத்தைப் போட்டு முடித்து, பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுத்தார். அதே ஓனர் அதற்கு இரண்டு மாசம் முன்னால் ஒரு நைஜீரிய மாணவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “சி பாரம் பெரிய தலைவலிப்பா, நமக்கு வேண்டாம்.” பாரம் ஒன்றுதான். தலைவலி தோலைப் பார்த்து வருகிறது.

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் வீட்டிலிருந்து ஜெர்மன்காரருக்குப் பிசிபேளாபாத் போனது. கொலுவுக்கு அழைப்பு போனது. “புது ஊரு, பாஷை தெரியாது, தனியா இருப்பாரு, பாவம்” என்று சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடாத குறை. அவருக்கு இந்த ஊரில் பெயர் ‘எக்ஸ்பாட்’. வாணியம்பாடியிலிருந்து வந்தவன் ‘வெளியாள்’. அசாமிலிருந்து வந்து எங்கள் கேட்டில் நிற்கிற காவலாளி ‘ஏய்’. 2012 ஆகஸ்டில் வடகிழக்குக்காரர்களை அடிக்கப் போகிறார்கள் என்று வதந்தி கிளம்பி, ஆயிரக்கணக்கான பேர் ஸ்டேஷனில் குவிந்து, கௌஹாத்திக்கு ஸ்பெஷல் ரயில் விட்டார்களே, அப்போது இந்த ஊர் அவர்களைத் தேடியது. எதற்கு? ஹோட்டலில் தட்டு எடுக்க ஆளில்லை, பார்லரில் முடி வெட்ட ஆளில்லை. பிசிபேளாபாத்தை யாரும் பிளாட்பாரத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடியதாகத் தெரியவில்லை.

இதே ஊரில், 2016 ஜனவரி 31 ராத்திரி ஹெசரகட்டாப் பக்கம் ஒரு சூடான் மாணவரின் கார் மோதி ஒரு பெண் இறந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த வழியாக வேறொரு காரில் வந்த தான்சானியா மாணவியைக் கும்பல் இறக்கி அடித்தது, உடையைக் கிழித்தது, காரைக் கொளுத்தியது. விபத்துக்கும் அவளுக்கும் உள்ள சம்பந்தம் கறுப்பு நிறம் ஒன்றுதான். அதே வருஷம் செப்டம்பரில் காவிரிக்காகத் தமிழ்நாட்டு நம்பர் பிளேட் போட்ட வண்டிகள் எரிந்தன. என் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரின் பின்பக்கம் பழைய போர்வையைப் போட்டுக் கயிறு கட்டினார். தமிழன் இந்தத் தண்டுக்குப் பட்டாளத்தோடு வந்து சேர ஆரம்பித்தது 1809-ல். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இன்னும் எத்தனை வருஷம் இருந்தால் போர்வை தேவைப்படாது என்று சங்கத்தில் கேட்டால், பார்க்கிங் பிரச்சினையைப் பற்றிப் பேசுகிறார்கள். பேட்டைக்கே புலிகேசி நகர் என்று பெயர் மாற்றியாகிவிட்டது. பல்லவனோடு மோதிய சாளுக்கியனை நினைத்துத்தான் வைத்தார்கள். தமிழனுக்கு அந்தப் பேரைக் கேட்டதும் வடிவேலு மீசைதான் ஞாபகம் வருகிறது, என்ன செய்ய.

எக்ஸ்பாட் மரியாதை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1896-ல் வின்ஸ்டன் சர்ச்சில் பட்டாள அதிகாரியாக இங்கே வந்து தங்கினார். போகும்போது கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார். வசூலிக்க முடியாத கடன் என்று பெங்களூர் கிளப்பின் கணக்குப் புத்தகத்தில் அது ஏறியது. அந்தப் பக்கத்தை இன்றைக்கும் பொக்கிஷமாகக் காட்டுகிறார்கள். வெள்ளைக்காரன் தராமல் போன பாக்கி சரித்திரம். நம் பையன்கள் பத்து மாச வாடகையை அட்வான்ஸாகக் கட்டிவிட்டு, காலி செய்யும்போது பெயின்ட் செலவென்று ஒரு மாச வாடகையைப் பறிகொடுத்துவிட்டுப் போகிறார்களே, அது எந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது? இரண்டு மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று 2021-ல் மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டம் வெளியிட்டது. மாதிரிச் சட்டம் அல்லவா, ஒரு மாதிரியாகவே இருக்கிறது.

பிளேக் காலத்தில் சென்னை மாகாணத்தில் ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்று ஒன்று கொடுத்தார்கள். தொற்றுள்ள ஊரிலிருந்து வருகிறவன் அதை வைத்துக்கொண்டு பத்து நாள் அதிகாரிமுன் ஆஜராகிக் காட்ட வேண்டும். பத்து நாளோடு முடிந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு எட்டு வருஷமாக முடியவில்லை. தினமும் கேட்டில் போட்டோ, நம்பர், உள்ளே வந்தால் தனி லிப்ட், போகும்போது பையைத் திறந்து காட்டு. ஜெர்மன்காரர் வந்தால் அந்த அசாம் காவலாளி ஒன்றும் கேட்காமல் சல்யூட் அடிக்கிறான். அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வாணியம்பாடிப் பையன் கடைசியில் டேனரி ரோட்டில், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரில் கை படும் ஒரு அறையில் ஒன்றரை வருஷம் ஓட்டினான். போன மாசம் அவனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. “அங்கே போனா நான் எக்ஸ்பாட்டா அங்கிள்?” என்று சிரித்தான். அங்கே நீ இமிக்ரன்ட் என்றேன்.

விஷயம் எப்படியோ சங்கத் தலைவர் காதுக்குப் போயிருக்கிறது. லிப்ட் வாசலில் என்னை நிறுத்தினார். “உங்களுக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஜெர்மனி போறானாமே சார்? எங்க பொண்ணும் அங்கதான் படிக்கறா. மூணு மாசமா வீடு தேடி அலையறா. போன்ல நல்லாத்தான் பேசறாங்களாம், இந்தியப் பேரைக் கேட்டதும் காலியில்லேங்கறாங்களாம். என்ன அநியாயம் பாருங்க. பேரை வச்சு ஒரு மனுஷனை எடை போடலாமா?”

போடக் கூடாது சார் என்றேன்.

“புது ஊரு, பாஷை தெரியாது, தனியா இருக்கா. அந்தத் தம்பியைக் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லணும். நம்பர் கொடுங்க” என்று போனை எடுத்தார். நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். குத்தி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“பேரு என்ன சொன்னீங்க?”